நூற்று நாற்பத்து நாலாவது மரம்

ஊசியிலை மரம் குளிர்ந்த மலையில் வளர்வது. திருவண்ணாமலையில் வளர்வது வெயில். சித்திரை மாதம் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பசுமைப் பன்மை இயக்ககத்தின் தலைமை அலுவலகத்தில் ஏ.சி. நன்றாக வேலை செய்தது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் எந்த ஊரும் குளிர்ந்த ஊர்தான்.

அங்கிருந்துதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. ஊசியிலைத் தோட்டங்களில் ஒரே வகை மரம் மட்டும் நிற்பதால் பறவைக்கும் விலங்குக்கும் இரை இல்லை, ஒரு நோய் வந்தால் மொத்தத் தோட்டமும் போய்விடும், ஆகவே பல வகை மரங்களைக் கலந்து நட்டுத் தோட்டத்துக்குத் தாங்கும் சக்தி தர வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல யோசனை, யாரும் குறை சொல்ல முடியாது. கடைசிப் பக்கத்தில்தான் சனி உட்கார்ந்திருந்தது. மாவட்டத்துக்குப் பத்து ஏக்கர் ஊசியிலைத் தோட்டத்தை மாற்றிக் காட்ட வேண்டுமாம். எங்களிடம் அப்படி ஒரு தோட்டமே இல்லை என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் விட்டிருக்கவில்லை.

வேங்கிக்கால் கிளை அலுவலகத்தில் திட்ட அலுவலராக இருந்த பிரசாத் கெட்ட மனிதர் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். மூன்று நாள் ஜீப்பில் சுற்றினார். நாலாவது நாள் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இயக்ககத்துக்குச் சொந்தமான பதினோரு ஏக்கர் சவுக்குத் தோப்பின் முன்னால் ஜீப்பை நிறுத்தினார். தோப்பின் காவலாள் அப்பாசாமி ஓடி வந்து கும்பிட்டார்.

"அப்பாசாமி, இந்த மரத்தோட இலை எப்படி இருக்கு?"

"சவுக்கு சார். சவுக்கு மாதிரிதான் இருக்கும்."

"ஊசி மாதிரி இருக்கா இல்லையா?"

அப்பாசாமி அண்ணாந்து பார்த்தார். "கொஞ்சம் ஊசி மாதிரிதான் சார் இருக்குது."

"காய் கூம்பு மாதிரி இருக்கா?"

"இருக்குது சார்."

"முடிஞ்சுது" என்றார் பிரசாத். கட்டத்தை நிரப்பினார். அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டார் என்று கேள்வி.

இப்படியாகச் சவுக்கு ஊசியிலை மரமானது. சவுக்குக்கு இதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பாசாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாக இந்தத் தோப்பில் தற்காலிகக் காவலாள். எவ்வளவு தற்காலிகம் என்றால், அவர் பெயர் எழுதிய காகிதம் ஒன்றுகூட இயக்ககத்தில் கிடையாது. சம்பளப் பட்டியலில் 'காவல் – ஒன்று' என்று இருக்கும். அந்த ஒன்று அவர்தான். தோப்பு ஓரத்தில் நாலு சவுக்குக் கம்பை நட்டுக் கூரை போட்ட குடிசையில் அவரும் மனைவி சரோஜாவும் இருந்தார்கள்.

தோப்பில் சவுக்கு மட்டும் இல்லை என்பது அப்பாசாமியின் ரகசியம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்கள் கால் வலித்தால் தோப்பு ஓரத்தில்தான் உட்காருவார்கள். நாவல் பழம் தின்று கொட்டையைத் துப்புவார்கள். சீதாப்பழம், விளாம்பழம், அன்னதானப் புளிசாதத்தில் அகப்பட்ட புளியங்கொட்டை, எல்லாம் வேலிக்கு உள்ளேதான் வந்து விழும். மிச்சத்தைக் காக்கையும் வௌவாலும் பார்த்துக்கொண்டன. முளைத்தது எல்லாமே கணக்குப்படி களை. களையைப் பிடுங்குவதுதான் காவல் ஒன்றின் வேலை. அப்பாசாமி பிடுங்கவில்லை. முதலில் சோம்பேறித்தனம்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். அப்புறம் ஒரு நாவல் கன்று அவர் இடுப்பு உயரம் வந்தது. இடுப்பு உயரம் வளர்ந்ததைப் பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. இப்போது வேம்பு, புங்கன், நாவல், நுணா, விளா, அத்தி என்று நூற்று நாற்பத்து மூன்று மரங்கள் சவுக்குக்கு நடுவே நின்றன. மயில் வந்தது. மலையிலிருந்து புள்ளிமான்கள் இறங்கி வந்து நாவல் பழம் பொறுக்கின. பிள்ளை இல்லாத அந்த இரண்டு பேருக்கும் அந்த நூற்று நாற்பத்து மூன்றும்தான் சொத்தும் சொந்தமும்.

அதனால் பயிற்சி வகுப்புக்கு அழைப்பு வந்தபோது அப்பாசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் திருட்டுத்தனமாகச் செய்ததை இனிமேல் சட்டப்படி செய்யலாமே என்று நினைத்தார்.

வேங்கிக்காலில் பயிற்சி நடந்தது. திரையில் பனிமலை காட்டினார்கள். பனிமலைக்கு நடுவே ஒரு கரடி நின்று அப்பாசாமியைப் பார்த்தது. பல மரம் நட்டால் பல உயிர் வரும் என்று பிரசாத் விளக்கினார்.

அப்பாசாமி எழுந்து நின்றார். "சார், நம்ம தோப்புல இப்பவே மயிலு வருது, மானு வருது. மரமும் நூத்தி நாப்பத்தி மூணு, தானா மொளச்சது…"

பிரசாத்தின் முகம் வெளுத்தது. வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன அப்பாசாமி, என் பொழப்புல மண்ணைப் போடறீங்களே? 'திட்டத்துக்கு முன் வன உயிர்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல சைபர்தான் வரணும். முன்னாடியே மான் இருந்தா அப்புறம் வளர்ச்சியை எப்படிக் காட்டறது?"

"மானு இருக்குதே சார்."

"திங்கக்கிழமை கணக்கெடுப்பு. அன்னைக்கு ஒரு நாள் இல்லாமப் பண்ணுங்க. தட்டு எதையாவது தட்டித் துரத்துங்க. கணக்கெடுத்துட்டுப் போனப்புறம் வரட்டும், யார் வேணாம்னா?"

திங்கட்கிழமை காலை அப்பாசாமி எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினார். கிரிவலப் பாதையில் தட்டுச் சத்தம் கேட்டால் அன்னதானம் என்று அர்த்தம். அது மனிதர்களைவிட மான்களுக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் நாலைந்து வரும் இடத்தில் அன்றைக்குப் பதினேழு வந்து வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் இரண்டு சாமியார்களும் திருவோட்டோடு வந்து நின்றார்கள். கணக்கெடுக்க வந்தவர் எல்லோரையும் ஒரு நோட்டம் பார்த்தார். பிறகு, "இதுங்க எல்லாம் யாத்ரீகர்கள்னு எழுதிடவா சார்?" என்று கேட்டார். பிரசாத் தலையாட்டினார். வன உயிர் சைபர் என்று எழுதப்பட்டது.

இதுவரை நடந்தது வேடிக்கை. வேடிக்கை போதும் என்று நினைத்ததுபோல அடுத்த வாரம் ஓர் உத்தரவு வந்தது. பிரசாத்தே குடிசைக்கு வந்து படித்துக் காட்டினார்.

'தோப்பில் அனுமதியின்றி வளர்ந்துள்ள 143 மரங்களையும் ஏழு நாட்களுக்குள் வெட்டி அகற்றி, அதே இடங்களில் இயக்ககத்தின் அங்கீகரிக்கப்பட்ட நாற்றங்காலில் இருந்து வரும் 143 கன்றுகளை நட வேண்டும்.'

"என்னா கன்னு சார் வருது?" என்றார் அப்பாசாமி.

பிரசாத் பட்டியலைப் பார்த்தார். "வேம்பு, புங்கன், நாவல், நுணா, விளா, அத்தி."

பக்கத்து நாவல் மரத்திலிருந்து ஒரு பழம் ஜீப்பின் மேல் விழுந்தது.

"சார், அதுங்கதானே இங்க நிக்குது?" என்று கேட்டாள் சரோஜா. "வேம்ப வெட்டிட்டு வேம்பு நடறதா? இது எந்த ஊரு நியாயம்?"

"இது தானா வந்த வேம்பும்மா. திட்டத்துல வந்த வேம்பு இல்லை" என்றார் பிரசாத். "இதுக்கு நம்பர் இல்லை, நட்ட தேதி இல்லை. நாளைக்குக் கணக்குத் தணிக்கையில யாரு நட்டதுன்னு கேட்டா காக்கான்னு எழுத முடியுமா? வெட்டலைன்னா காவலாளை மாத்திட்டு வெட்டச் சொல்லுவாங்க. எனக்கு வேற வழி இல்லை. அடுத்த பௌர்ணமி அன்னைக்கு இயக்குநரே திறந்து வைக்க வர்றாரு."

அன்று அப்பாசாமி சாப்பிடவில்லை. அரிவாளைத் தீட்டினார், வைத்தார், மறுபடி தீட்டினார். சரோஜாவுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"மரத்துக்கு மஞ்சத்துணி கட்டிக் குங்குமம் வெச்சிடலாங்க. சாமி மரம்னா எவன் தொடுவான்?"

"சாமின்னு சொன்னா உண்டியல் வரும். உண்டியல் வந்தா கமிட்டி வரும். கமிட்டி வந்தா மரத்தை வெட்டிட்டு மண்டபம் கட்டுவான்" என்றார் அப்பாசாமி. ஊரைப் பற்றி அவருக்கு அந்த அளவுக்குத் தெரியும்.

அவர் வெட்டவில்லை. இன்றைக்கு இடுப்பு வலி, நாளைக்கு அமாவாசை, நாளை மறுநாள் அரிவாள் பிடி கழன்றுவிட்டது என்று தள்ளிக்கொண்டே போனார். கன்றுகளும் வந்து சேர்ந்தன, தோப்புக்கு அல்ல, வேங்கிக்கால் அலுவலக வாசலுக்கு. முந்நூறு கிலோமீட்டர் தாண்டி லாரியில் வந்த கன்றுகளை இறக்கி வைத்தார்கள். இயக்குநர் கையெழுத்திட்ட நடவு அனுமதி வந்த பிறகுதான் கன்றுகளைத் தொட வேண்டும் என்று விதி. தண்ணீர் ஊற்றலாமா என்பது பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள். பதினோராம் நாள் 'ஊற்றலாம்' என்று பதில் வந்தது. அதற்குள் நூற்று நாற்பத்து மூன்றும் விறகுக்குக்கூட ஆகாமல் காய்ந்து போயிருந்தன.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை பிரசாத் தோப்புக்கு ஓடி வந்தார். சட்டை பாதி வெளியே இருந்தது.

"அப்பாசாமி, போச்சு. கன்னு எல்லாம் போச்சு. நாளைக்கு நாலு மணிக்கு இயக்குநர் வர்றாரு. நூத்தி நாப்பத்தி மூணு மரம் வேணும்."

"இருக்குதே சார்" என்றார் அப்பாசாமி.

பிரசாத் சுற்றிலும் பார்த்தார். பத்தொன்பது நாளாகப் பார்க்காமல் விட்டதை அப்போதுதான் பார்த்தார். "இன்னும் வெட்டலையா நீங்க?"

"இடுப்பு வலி சார்."

பிரசாத் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு பதறி விலகினார். "பாத்தாலே தெரியுமே. பதினஞ்சு அடி மரத்தைக் கன்னுன்னு எப்படிச் சொல்றது?"

இயக்ககத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அப்பாசாமிக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களில் யாரும் மரத்தைப் பார்ப்பதில்லை. கன்று என்றால் அவர்களுக்கு அடியில் இருக்கிற கறுப்புப் பை. அதற்கு மேல் என்ன இருந்தாலும் சரி. அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்ருதீன் பாய் கடைக்குப் போனார்.

தேரடி வீதிக்குப் பின்னால் பக்ருதீனின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்தது. பெயின்ட், சணல், பிளாஸ்டிக் பை, பெயர்ப் பலகை, லாமினேஷன் எல்லாம் அங்கே உண்டு.

"நாத்துப் பையி வேணும் பாய். பெரிசு. நூத்தி நாப்பத்தி மூணு."

"எதுக்குண்ணா?"

"மரத்துக்குச் சட்டை போட."

பக்ருதீன் அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். மேலே எதுவும் கேட்கவில்லை. பையைக் கீறி மரத்தைச் சுற்றி வைத்து, மண் போட்டு வாழைநாரால் கட்டினால் நிற்கும் என்று சொல்லிவிட்டு, தானே சைக்கிளில் பைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று பேரும் நூற்று நாற்பத்து மூன்று மரங்களுக்கும் பை கட்டினார்கள். நம்பர் எழுதினார்கள். தாத்தாவுக்கு அரை டிராயர் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல் இருக்கிறது என்று சரோஜா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இயக்குநர் வந்தார். நாதஸ்வரம், சால்வை, ரோஜாப்பூ மாலை எல்லாம் இருந்தன. நுழைவாயிலில் முதல் எண் போட்ட வேப்பமரம் பதினெட்டு அடி உயரத்தில், காலில் கறுப்புப் பையோடு அடக்கமாக நின்றது. இயக்குநர் அதற்குப் பூவாளியில் தண்ணீர் ஊற்றினார். புகைப்படக்காரர் பை மட்டும் தெரியும்படி எடுத்தார். இயக்குநர் மெல்ல அண்ணாந்தார். பிரசாத் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்ப நட்டது?"

"ப… பத்து நாள் ஆச்சு சார்."

இயக்குநர் சற்று யோசித்தார். "பத்து நாள் ஆச்சு, ஏன் இன்னும் காய்க்கல?"

"அடுத்த வாரம் காய்ச்சிடும் சார்" என்றார் அப்பாசாமி.

"அதானே" என்று இயக்குநர் மேடை ஏறினார்.

அவர் பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. "நான் சின்ன வயசுல இருந்தே காட்டை நேசிக்கிறவன். என் அறையில நாலு சுவத்துலயும் காடு படம்தான். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் போகாத காடு கிடையாது, எல்லாத்தையும் திரையிலயே பார்த்திருக்கேன். முன்னாடி இந்த இடம் எப்படி இருந்தது? வன உயிர் சைபர்! அறிக்கையில இருக்கு, நானே கையெழுத்துப் போட்டேன். இன்னைக்குப் பாருங்க…" என்று கையை நீட்டினார். மேடைக்குப் பின்னால் யாரோ எவர்சில்வர் தட்டைத் தட்டியிருக்க வேண்டும். கை நீட்டிய திசையில் பதினேழு மான்கள் வரிசையாக நின்றன. கூட்டம் கை தட்டியது. "பத்தே நாள்ல பதினேழு மான்! இயற்கையை நாம விட்டுட்டா அது ஒண்ணுமே செய்யாது. எல்லாத்தையும் நாமதான் செய்ய வேண்டியிருக்கு" என்று முடித்தார். அவருக்கே கண் கலங்கியது.

கூட்டம் கலைந்த பிறகு அப்பாசாமி ஒவ்வொரு பையாக அவிழ்த்தார். மரங்கள் தப்பித்துவிட்டன என்று நம்பினார். அப்பாவி.

திட்டத்துக்கு விருது கிடைத்தது. விருது கிடைத்தால் ஆய்வு வரும். ஆய்வின் முடிவில் மூன்று மாதம் கழித்து அடுத்த சுற்றறிக்கை வந்தது. 'திருவண்ணாமலைத் தோட்டத்தில் மான்களை அதிகம் ஈர்த்த மரம் நாவல் என்று தெரிய வருகிறது. ஆகவே அங்குள்ள மற்ற வகைகளை அகற்றி, 143 இடங்களிலும் நாவலை மட்டுமே நட்டு, பன்மையின் பயனை முழுமையாக அடையவும்.'

பிரசாத் அதைக் குடிசைக்கு வந்து படித்து முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கு வெக்கமா இருக்கு அப்பாசாமி" என்றார். நிஜமாகவே வெட்கப்பட்டார்.

"சார், வந்து பாக்கறவங்க எதைப் பாப்பாங்க?"

"போன வாட்டி பையைப் பார்த்தாங்க. இந்த வாட்டி மரத்துக்கு மரம் பேர்ப் பலகை அடிச்சிருக்கணுமாம். அதை எண்ணுவாங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசாத் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். "நான் ஒண்ணும் கேக்கல. நீங்க ஒண்ணும் சொல்லல" என்றவர், தானே ஜீப்பை எடுத்தார். ஜீப் நேராகப் பக்ருதீன் கடை வாசலில் போய் நின்றது.

பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து. எல்லாப் பலகையிலும் ஒரே வார்த்தை: நாவல். வேம்பு நாவலானது. புங்கன் நாவலானது. அத்தியும் நுணாவும் விளாவும் நாவலாகின. நிஜமான நாவல்களும் பொறாமைப்படாமல் ஆளுக்கொரு பலகை வாங்கிக்கொண்டன. ஆய்வுக்கு வந்த அதிகாரி கையில் பேனாவோடு பலகைகளை எண்ணிக்கொண்டே போனார். எழுபத்திரண்டாவது நாவலில் ஒரு காய் தொங்கியது. உருண்டையாக, சாம்பல் நிறத்தில், கிரிக்கெட் பந்து அளவு.

"நாவல் இவ்ளோ பெரிசா காய்க்குமா?"

"மண்ணு வாகு சார்" என்றார் பிரசாத். இப்போது அவர் கண்ணை மூடவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். காவலாளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். எண்ணி முடித்தபோது நூற்று நாற்பத்து நாலு வந்தது. பக்ருதீன் ஒரு பலகையை அதிகமாக அடித்துவிட்டிருந்தார். வீணாகக் கிடக்க வேண்டாமே என்று சரோஜா அதைக் குடிசையின் வாசல் கம்பில் மாட்டியிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. உறை மேலே அச்செழுத்தில் 'திரு. அப்பாசாமி, காவலர், அடி அண்ணாமலைத் தோட்டம்' என்று இருந்தது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பத்தொன்பது வருடத்தில் அவர் பெயருக்கு வந்த முதல் காகிதம்.

சரோஜா எழுத்துக்கூட்டிப் படித்தாள். '143 நாவல் மரங்களின் வளர்ச்சி திருப்திகரமாக உள்ளது. 144ஆவது மரம் ஆய்வின்போது இலை, கிளை ஏதுமின்றி, மேற்புறம் கூரை வேயப்பட்ட நிலையில் காணப்பட்டது. மேற்படி மரம் வளராததற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும். தவறினால், நிரந்தரப் பணியாளருக்குரிய விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

அப்பாசாமி தலையில் கை வைத்தார். சரோஜா கடைசி வரியை மறுபடி படித்தாள். அப்புறம் இன்னொரு முறை படித்தாள்.

"ஏங்க, நிரந்தரப் பணியாளர்னு போட்டிருக்காங்க."

"எங்க?"

"இங்க. உங்களைத்தான்."

அவர் காகிதத்தை வாங்கி அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நிற்கவில்லை. அன்றே பக்ருதீன் கடைக்குப் போய் அதை லாமினேட் பண்ணிக்கொண்டு வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பாய் இதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

பதில் எழுத வேண்டுமே. பிரசாத் உதவிக்கு வந்தார். அப்பாசாமி சொல்லச் சொல்ல எழுதினார்.

'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிட்ட மரத்துக்குத் தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வருகிறேன். வெட்ட மனசு வரவில்லை. இன்னும் ஒரு மழை பார்க்கலாம்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து, குடத்தை எடுத்தார். எழுதிக் கொடுத்தாயிற்று, பொய்யாகக் கூடாது. கம்பின் அடியில் ஊற்றினார். வாசலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு மான் ஒன்று எட்டிப் பார்த்தது. அது பலகையைப் படிக்கவில்லை. நேராக எழுபத்திரண்டாம் நாவலின் அடிக்குப் போய், கீழே விழுந்து உடைந்து கிடந்த விளாம்பழத்தைத் தின்னத் தொடங்கியது.